தாவர செல்லில் ஒரே பெரிய வாக்குவோல், விலங்கு செல்லில் ஏன் இல்லை?

வைகைக்கரை

வணக்கம். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தாவர செல், விலங்கு செல் வேறுபாடு கேட்கும் கேள்விக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். வாக்குவோல் (செல்லுக்குள் சவ்வு சூழ்ந்திருக்கும் திரவப் பை) வரும் வரியில் ஒரு சிக்கல். கையில் இருக்கும் கைடில் "விலங்கு செல்லில் வாக்குவோல் கிடையாது" என்று போட்டிருக்கிறது. டியூஷன் நோட்ஸில் "சிறியவை, பல இருக்கும், தற்காலிகமானவை" என்று இருக்கிறது. எது சரி?

அப்புறம் அவள் கேட்ட இன்னொரு கேள்வி: "செடி தண்ணீரை வாக்குவோலில் வைத்துக்கொள்கிறது, சரி. நாமும்தான் தண்ணீர் குடிக்கிறோம். நம்முடைய செல்லுக்கு மட்டும் ஏன் அது வேண்டாம்?" நான் படித்தது வணிகவியல். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் இந்த இழையையே அவளிடம் காட்டிவிடுவேன்.

கரும்பலகை

மகளுடைய கேள்வி கைடில் இருக்கும் கேள்வியைவிட நல்ல கேள்வி. மதிப்பெண் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டியூஷன் நோட்ஸில் இருப்பதையே எழுதட்டும். 'கிடையாது' என்று எழுதினால் தவறு.

வேர் நுனியிலோ தண்டு நுனியிலோ இருக்கும் இளஞ்செல்லைப் பார்த்தால் அதிலும் வாக்குவோல்கள் சின்னச் சின்னதாகப் பல இருக்கும். செல் முதிர முதிர அவை ஒன்றோடொன்று சேர்ந்து நடுவில் ஒரே பெரிய வாக்குவோலாகிவிடும். முதிர்ந்த செல்லின் கொள்ளளவில் 80, 90 சதவீதம் வரைகூட அதுவே அடைத்துக்கொள்ளும். சைட்டோபிளாசம் (செல்லை நிரப்பும் கூழ்), உட்கரு, பசுங்கணிகம் எல்லாம் செல்சுவரோரமாக ஒரு மெல்லிய படலத்தில் ஒதுங்கிவிடும். பசுங்கணிகத்துக்கு அது வசதிதான். வெளிச்சமும் கார்பன் டை ஆக்சைடும் ஓரத்தில்தானே முதலில் கிடைக்கும்.

வாக்குவோலைச் சுற்றியுள்ள ஒற்றைச் சவ்வுக்கு டோனோபிளாஸ்ட் என்று பெயர். 1885இல் ஹியூகோ டி விரீஸ் என்ற டச்சுத் தாவரவியலாளர் வைத்த பெயர் அது. உள்ளே சர்க்கரை, பொட்டாசியம், கரிம அமிலங்கள், நிறமிகள், துவர்ப்புப் பொருள்கள் எல்லாம் கரைந்த செல் சாறு இருக்கிறது. சாறு அடர்த்தியாக இருப்பதால் சவ்வூடு பரவலில் தண்ணீர் உள்ளே வரும், வாக்குவோல் உப்பும், சைட்டோபிளாசத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். சுவர் விட்டுக்கொடுக்காது. இப்படி உண்டாவதுதான் விறைப்பழுத்தம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 வளிமண்டல அழுத்தம். இலைச் செல்கள் பலவற்றில் இது 5ஐத் தாண்டும். எலும்பில்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இந்த அழுத்தத்தால்தான். காலையில் வாங்கிய கீரை மதியத்துக்குள் துவண்டுபோய், தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுபடி நிமிர்கிறதே, வாக்குவோலுக்குத் தண்ணீர் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. சைட்டோபிளாசத்தைப் பெருக்கிச் செல்லைப் பெரிதாக்க வேண்டுமென்றால் புரதம் வேண்டும், அதற்கு நைட்ரஜன் வேண்டும். மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்காது. தண்ணீரை நிரப்பிச் செல்லைப் பெரிதாக்குவது மிகவும் சிக்கனமான வழி. ஓடியாடி இரை தேட முடியாத செடி, கொஞ்சம் புரதத்தை வைத்துக்கொண்டு பெரிய இலைப்பரப்பை விரித்துக்கொள்கிறது.

'பெரியது, சிறியது' என்ற ஒற்றை வரியோடு மாணவர்கள் நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம். வாக்குவோல் செடியில் என்னென்ன வேலை செய்கிறது, அதே வேலையை விலங்கில் யார் செய்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் பாடம் தானாக விரியும்.

செங்குருதி

கரும்பலகை டீச்சர் சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு விலங்குப் பக்கத்தை நான் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன்.

சோதனைக் குழாயில் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் எடுத்து ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பாருங்கள். முதலில் கலங்கலாக இருக்கும். சில நொடிகளில் கலங்கல் போய், குழாய்க்குப் பின்னால் பிடித்த எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிந்த சிவப்பாகிவிடும். சிவப்பணுக்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பி வெடித்து, உள்ளே இருந்த ஹீமோகுளோபின் வெளியே வந்துவிட்டது. அதே சொட்டை 0.9 சதவீத உப்புக் கரைசலில் விட்டால் அணுக்கள் அப்படியே இருக்கும், கலங்கலும் அப்படியே இருக்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் அதுதான், ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு.

வெங்காயச் செல்லை நல்ல தண்ணீரில் போட்டால் வெடிக்காது, சுவர் தாங்கிக்கொள்ளும். நம் செல்லுக்குச் சுவர் கிடையாது. அடர்த்தியான சாறு நிரம்பிய பெரிய வாக்குவோல் ஒன்றை வைத்துக்கொண்டு, தண்ணீர் வரவர உப்பினால் அதைத் தடுத்து நிறுத்த வெளியே எதுவும் இல்லை. அதனால் நம் உடம்பு வேறு வழியில் போகிறது. செல்லுக்கு வெளியே இருக்கும் திரவத்தின் அடர்த்தியைச் சிறுநீரகம் ஒரே அளவில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு செல்லும் தன் பங்குக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பம்பு நின்றால் செல் வீங்க ஆரம்பித்துவிடும்.

பாப்பா கேட்டதற்குப் பதில்: நம் உடம்புத் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்தான் இருக்கிறது. ஆனால் தனிப் பையில் இல்லை, பெரும்பகுதி சைட்டோபிளாசத்திலேயே கலந்திருக்கிறது. மீதி ரத்தத்திலும் செல்களுக்கு இடையிலும்.

கேள்விக்குறி

எல்லாம் சரி, ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. அமீபாவில் சுருங்கும் வாக்குவோல் இருக்கிறது, பாரமீசியத்தில் இரண்டு இருக்கிறது. உணவு வாக்குவோலும் இருக்கிறது. இதெல்லாம் நாங்கள் படித்த காலத்தில் விலங்கியல் பாடத்தில் வந்தவை. அப்படியிருக்க விலங்கு செல்லில் வாக்குவோல் 'சிறியது, தற்காலிகமானது' என்று எப்படிப் பொதுவாகச் சொல்ல முடியும்?

கரும்பலகை

சார், நீங்கள் படித்த காலத்தில் புரோட்டோசோவாவை விலங்குகளோடு சேர்த்திருந்தார்கள். இப்போதைய வகைப்பாட்டில் அமீபாவும் பாரமீசியமும் விலங்குகள் இல்லை, புரோட்டிஸ்டா என்ற தனிப் பிரிவில் வருகின்றன. வேறுபாட்டு அட்டவணையில் அவற்றை 'விலங்கு' பக்கம் உதாரணமாக எழுதினால் இன்று மதிப்பெண் போகும்.

ஆனால் உங்கள் உதாரணம் செங்குருதி சொன்னதற்கு நல்ல துணை. அமீபா நன்னீரில் வாழ்கிறது, சுவர் இல்லை, சுற்றியுள்ள நீரைச் சீராக்கச் சிறுநீரகமும் இல்லை. தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வந்ததைச் சேர்த்து வெளியே தள்ளத்தான் அந்தச் சுருங்கும் வாக்குவோல். செடியின் வாக்குவோல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அமீபாவுடையது வெளியேற்றுகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை நேர் எதிர். உண்மையான விலங்குகளில் சுருங்கும் வாக்குவோல் வேண்டுமென்றால் நன்னீரில் வாழும் பஞ்சுயிரிகளில் பார்க்கலாம். அவையும் அதே நன்னீர்ச் சிக்கலில் இருப்பவைதான்.

நொதி

ஆராய்ச்சி மாணவன், ஈஸ்ட் செல்லில் வேலை. இதுவரை தண்ணீரைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். வாக்குவோலுக்குச் செரிமான வேலையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

தாவர செல்லில் பழுதான உறுப்புகளையும் புரதங்களையும் உடைத்துப் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் இடம் பெரும்பாலும் வாக்குவோல்தான். உள்ளே அமிலத்தன்மை, புரதம் உடைக்கும் நொதிகள் எல்லாம் உண்டு. விலங்கு செல்லில் இதே வேலையைச் செய்வது லைசோசோம். 1955இல் கிறிஸ்டியன் டி டூவ் அதை அடையாளம் காட்டினார், 1974இல் நோபல் கிடைத்தது. டோனோபிளாஸ்ட் சவ்வில் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளும் ஒரு பம்பு இருக்கிறது. அதே குடும்பப் பம்பு லைசோசோம் சவ்விலும் இருக்கிறது. இரண்டும் ஒரே மூதாதையின் வழிவந்த உறுப்புகள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

ஈஸ்ட் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்குச் சுவரும் உண்டு, பெரிய வாக்குவோலும் உண்டு, அதுவே அதன் லைசோசோம். ஜப்பானின் யோஷினோரி ஓசுமி செய்தது இதுதான்: வாக்குவோலில் புரதம் உடைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்துப் பட்டினி போட்டார். செரிக்க முடியாமல் போன பொட்டலங்கள் வாக்குவோலுக்குள் குவிந்து துள்ளிக்கொண்டிருப்பதைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே பார்த்தார். செல் தன்னையே தின்று பிழைக்கும் முறையின் ஆராய்ச்சி அங்கிருந்து விரிந்தது. 2016 மருத்துவ நோபல் அதற்குத்தான். அதே பொட்டலங்கள் நம் செல்லிலும் உருவாகின்றன, லைசோசோமோடு சேர்ந்து கரைந்துவிடுகின்றன. வெள்ளையணு ஒரு பாக்டீரியாவை விழுங்கும்போது அதைச் சுற்றி உருவாகும் பையும் அப்படித்தான். 'தற்காலிகமானவை' என்று நோட்ஸில் இருப்பது இவற்றைத்தான்.

மரவள்ளித்தோட்டம்

நாமக்கல் பக்கம். விவசாயி. கிழங்கு வெட்டிய காட்டில் மாடு புகுந்து மரவள்ளித் தழையைத் தின்று செத்துப்போன கதை இங்கே எல்லா ஊரிலும் உண்டு. அந்த விஷமும் இந்த வாக்குவோலில்தான் இருக்கிறது என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். அப்படியானால் செடி ஏன் சாகவில்லை? கரும்பில் சர்க்கரையும் அங்கேதான் நிற்கிறதா?

கரும்பலகை

ஐயா, இரண்டுக்கும் ஆமாம். கரும்புத் தண்டின் சதைச் செல்களில் சர்க்கரை வாக்குவோலில்தான் சேர்கிறது. ஆலையில் பிழிவது முக்கியமாக அந்தச் சாறுதான். துவரை, உளுந்து விதையில் இருக்கும் புரதமும் வாக்குவோலில் சேமித்ததுதான். விதை முளைக்கும்போது அதே வாக்குவோல் செரிக்கும் இடமாக மாறி, சேமித்த புரதத்தை உடைத்து முளைக்குக் கொடுக்கிறது.

மரவள்ளியில் வாக்குவோலுக்குள் இருப்பது விஷமாக மாறக்கூடிய பொருள். லினமரின் என்று பெயர். அதை உடைத்து சயனைடை வெளியே விடும் நொதி, செல்சுவரில் தனியாக இருக்கிறது. இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. மாடு மென்றதும் வாக்குவோல் கிழிந்து இரண்டும் கலக்கும். அந்த நேரத்தில்தான் சயனைடு பிறக்கிறது. பூண்டில் இடம் மாறியிருக்கும்: நொதி வாக்குவோலில், மூலப்பொருள் சைட்டோபிளாசத்தில். உரித்த முழுப்பல்லுக்கு வாசம் குறைவு, தட்டினால் தெரு வரைக்கும் வரும்.

சேனை, சேப்பங்கிழங்கில் நாக்கு அரிக்கிறதே, அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களும் வாக்குவோலுக்குள் வளர்பவை. செடிக்குச் சிறுநீரகம் இல்லை. வேண்டாததை இலையோடு உதிர்க்கலாம், இல்லையென்றால் வாக்குவோலில் பூட்டி வைக்கலாம். பூட்டி வைத்ததே பிறகு ஆடு மாட்டிடமிருந்து காப்பதாகவும் ஆகிவிடுகிறது. இந்த இடம்தான் எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்தது.

உப்பளக்காற்று

தூத்துக்குடி. உப்பளத்து ஓரத்தில் உமரி தானாக வளரும். இலையைக் கிள்ளி வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். அந்த உப்பும் வாக்குவோலில்தானா?

நொதி

ஆமாம் அண்ணா. சோடியம் சைட்டோபிளாசத்தில் சேர்ந்தால் நொதிகள் கெடும். அதனால் டோனோபிளாஸ்ட் சவ்வில் ஒரு புரதம் ஹைட்ரஜனை வெளியே விட்டு, அதற்கு மாற்றாகச் சோடியத்தை வாக்குவோலுக்குள் அனுப்புகிறது. உள்ளே உப்பு ஏற ஏற, உவர்மண்ணிலிருந்தும் தண்ணீரை இழுக்கும் திறன் கூடுகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை 1999இல் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியிலும், 2001இல் தக்காளியிலும் அதிகமாகச் செயல்பட வைத்துப் பார்த்தார்கள். இரண்டுமே உவரைக் கூடுதலாகத் தாங்கின.

மூலிகைமுற்றம்

சுவை என்றதும் ரணகள்ளி ஞாபகம் வருகிறது. இலை விளிம்பிலேயே குட்டி போடுமே, அந்தச் செடி. விடியற்காலையில் இலை நுனியைக் கடித்தால் நல்ல புளிப்பு, மதியத்துக்கு மேல் சப்பென்று இருக்கும். (ருசி பார்த்துத் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம்.)

இதை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் நம் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன். காலையில் புளிப்பு, நண்பகலில் சுவையில்லை, மாலையில் லேசான கசப்பு என்று அவர் எழுதியது 1815இல் லண்டன் லின்னியன் சங்க வெளியீட்டில் வந்தது. காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. வறட்சிக்குப் பழகிய இந்தச் செடி இலைத்துளையை இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாக்கி வாக்குவோலில் வைக்கிறது. பகலில் துளையை மூடிக்கொண்டு, வைத்ததை எடுத்துச் சர்க்கரை செய்கிறது. பெரிய வாக்குவோல் இல்லாமல் ஓர் இரவின் அமிலத்தை எங்கே வைக்க முடியும்? பிரண்டையும் இதே முறைதான்.

அடுக்களை

ஒரு சின்னச் சந்தேகம். கொழுப்புச் செல் படத்தில் நடுவில் பெரிய வெள்ளை வட்டம், உட்கரு ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறது. பார்ப்பதற்குத் தாவர செல் மாதிரியே இருக்கிறது. அது வாக்குவோல் இல்லையா?

செங்குருதி

இல்லைங்க. அது கொழுப்புத் துளி. வாக்குவோலைச் சுற்றி இரண்டடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன முழுச் சவ்வு இருக்கும், உள்ளே நீர்க்கரைசல். கொழுப்புத் துளியைச் சுற்றி ஓரடுக்குதான், உள்ளே எண்ணெய். ஸ்லைடு தயாரிக்கும்போது கொழுப்பு கரைந்து போய்விடுவதால் காலியாக வெள்ளையாகத் தெரிகிறது.

மீன்தொட்டி

'விலங்கில் பெரிய வாக்குவோலே இல்லை' என்று முடித்துவிடாதீர்கள். நான் ஜீப்ரா மீன் வளர்க்கிறேன். நம் நாட்டு ஓடைகளிலும் இருக்கும் கோடு போட்ட சின்ன மீன். அதன் கரு கண்ணாடி மாதிரி தெளிவு, நடுவில் ஓடும் முதுகுநாண் (முதுகெலும்பு உருவாகும் முன் கருவைத் தாங்கும் தண்டு) நுண்ணோக்கியில் நன்றாகத் தெரியும். அந்த நாணின் உட்புறச் செல்கள் ஒவ்வொன்றிலும் செல்லையே நிரப்பும் ஒரு வாக்குவோல் இருக்கிறது. அவை உப்பும்போதுதான் கரு நீளவாக்கில் நிமிர்கிறது. அந்த வாக்குவோல்கள் பழுதானால் உடல் குட்டையாகும், முதுகெலும்பு வளைந்துவிடும் என்று ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார்கள்.

நொதி

அருமையான உதாரணம். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அந்த வாக்குவோல் லைசோசோம் வகையைச் சேர்ந்தது, நான் மேலே சொன்ன உறவு இங்கேயும் வருகிறது. இன்னொன்று, முதுகுநாணைச் சுற்றி உறுதியான ஓர் உறை இருக்கிறது. வெளியே தாங்கிப்பிடிக்க ஒன்று கிடைத்த இடத்தில் விலங்கும் செடியின் வழியையே கையாண்டிருக்கிறது. ஆக, சுவர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இந்த வேறுபாட்டின் அடிவேர்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. மகள் முழுவதையும் படித்துவிட்டு, கண்ணால் பார்க்க ஏதாவது வழி உண்டா என்று கேட்கிறாள். பள்ளியில் நுண்ணோக்கி தருவார்கள்.

கரும்பலகை

சின்ன வெங்காயம் போதும். ஆனால் எல்லோரும் உரிப்பது போல இதழின் குழிந்த உட்பக்கத் தோலை உரிக்க வேண்டாம், அதில் நிறம் இருக்காது. சதைப்பற்றான இதழின் குவிந்த வெளிப்பக்கத்தில் ஊதா நிறம் படிந்த தோலைப் பிளேடால் கீறி, இடுக்கியால் மெல்லியதாக உரிக்கட்டும். கொஞ்சம் சதை ஒட்டிக்கொண்டு வரும், ஓரத்தில் மெலிந்த இடத்தைப் பார்த்தால் போதும். ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துக் கவர் ஸ்லிப் போட்டால் செல் முழுக்க ஊதாவாகத் தெரியும். அந்த ஊதா முழுவதும் வாக்குவோல்.

பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தூள் உப்பு கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் டிஷ்யூ தாளால் உறிஞ்ச வேண்டும். சில நிமிடங்களில் ஊதா, சுவரை விட்டு விலகிச் சுருங்கும், நிறமும் அடர்ந்துகொண்டே போகும். உப்புப் போட்ட மாங்காய்ப் பத்தையில் தண்ணீர் விடுவது இதேதான். ரியோ என்ற அழகுச்செடி இலையின் ஊதா அடித்தோல் கிடைத்தால் இன்னும் சுலபம்.

வைகைக்கரை

செய்து பார்த்துவிட்டாள்! படம் வரைந்தும் வைத்திருக்கிறாள். ஊதா உருண்டு செல்லின் ஒரு மூலைக்குப் போய்விட்டதாம். ஒரு கேள்வி: சுவருக்கும் ஊதாவுக்கும் நடுவில் வந்த இடைவெளியில் நிறமே இல்லையே, அங்கே என்ன இருக்கிறது? வெற்றிடமா?

கரும்பலகை

வெற்றிடம் இல்லை, நீங்கள் விட்ட உப்புத் தண்ணீர்தான். செல்சுவர் உப்பையும் தண்ணீரையும் தடுக்காது, இரண்டும் உள்ளே வரும். தடுப்பது சவ்வுகள். தண்ணீர் டோனோபிளாஸ்டைக் கடந்து வெளியேறிவிட்டது, நிறமியால் கடக்க முடியவில்லை. அதனால்தான் ஊதா அடர்ந்தது.

இப்போது அதே ஸ்லைடில் நல்ல தண்ணீர் சொட்டு விட்டு மறுபக்கம் உறிஞ்சட்டும். அதிக நேரம் கடத்தாமல் செய்தால் ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொடும். விரியாத செல் இறந்துபோன செல். பக்கத்தில் இன்னொரு ஸ்லைடில், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்த தோலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சவ்வு சிதைந்திருப்பதால் நிறம் தண்ணீரில் இறங்கியிருக்கும், உப்புக் கரைசல் எவ்வளவு விட்டாலும் எதுவும் சுருங்காது. மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, எந்தப் பெரிதாக்கத்தில் பார்த்தாள் என்பதையும் குறித்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டட்டும்.